போர்ட்ஃபோலியோவில் 'என்னைப் பற்றி' என்ன எழுதுவது? காசிமேட்டுத் தங்கைக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராடக்ட் டிசைனர் ஆக ஆசை. நான் பார்த்த டிசைனர்கள் எல்லோரும் தங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டுகிற போர்ட்ஃபோலியோ பக்கத்தில் பின்னணி, கொள்கைகள், சொந்த ஆர்வங்கள் என்று மூன்று பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். என்னிடம் எழுத ஒன்றுமில்லை. வீடு காசிமேடு. அப்பா போட் இன்ஜின் மெக்கானிக், அம்மா வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார், அண்ணன் மாடியில் புறா வளர்க்கிறான். நான் கேரம் ஆடுவேன், அவ்வளவுதான். இதையெல்லாம் எழுதலாமா? ஏரியா பெயரைப் போட்டால் வேலை கிடைக்குமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏரியா பெயரைத் தாராளமாகப் போடுங்கள். நானும் பழைய வண்ணாரப்பேட்டைதான். வடசென்னை முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுகிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் டிசைன் வேலைக்கு ஆள் எடுக்கிற இடங்களில் வேறொரு தொல்லையும் உண்டு, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அங்கே சிலர் நம் ஏரியாவை ரசிப்பார்கள். கானா, குத்துச்சண்டை, மீன் கூடை, சுவரில் வரைந்த படம் என்று ஒரு 'வடசென்னை' அவர்கள் மனதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். நீங்களும் அதற்கேற்ற மாதிரி நாலு கறுப்பு வெள்ளைப் படம் போட்டு, கஷ்டப்பட்டு முன்னேறிய கதையை எழுதினால் கைதட்டுவார்கள். வேலை வேறு யாருக்காவது போகும். கஷ்டத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அதன் நடுவே நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். அதைச் சொல்ல உங்களிடம் நிறைய இருக்கிறது என்பதுதான் என் பதிலின் சாரம். அதை எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.

முதலில் பின்னணி. பெரும்பாலானோர் இந்த இடத்தில் படித்த காலேஜையும் பயிற்சிக்குப் போன கம்பெனியையும் வரிசையாக அடுக்குகிறார்கள். அதெல்லாம் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது, இன்னொரு தடவை எதற்கு? உங்கள் அப்பாவிடமிருந்து ஆரம்பியுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் துறைமுகமே தூங்குகிற மாதிரி இருக்கும். போட் மெக்கானிக்குக்கோ அப்போதுதான் மூச்சு விட நேரமிருக்காது. ஒரு வருடத்துக்கான பெரிய வேலையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். மற்ற நாளில் இன்ஜின் மக்கர் செய்தால் கடலுக்குப் போகிற நேரம் தவறும், ஏற்றிய ஐஸ் கரையும், ஆட்களுக்குக் கூலி போகும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நட்டைச் சுற்றி ஸ்பேனர் திரும்ப இடம் விட்டிருக்கிறார்களா இல்லையா என்பது சின்ன விஷயமே இல்லை. உப்புக் காற்றில் எந்த போல்ட் இறுகும், எதைப் பித்தளையில் போட வேண்டும், எந்த மூடியைத் திறந்தால் கையிலிருந்து நழுவி அடித்தட்டுத் தண்ணீரில் விழும் என்பதெல்லாம் அப்பாவுக்கு விரல் நுனியில் இருக்கும்.

ஒரு நாள் அவர் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிற ஏதாவது ஒரு சின்னப் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடுவதற்கு முன் வேறு என்னென்ன கழற்ற வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றையும் கழற்றும்போது உடம்பு எந்தப் பக்கம் வளைகிறது, கழற்றிய பாகத்தை எங்கே வைக்கிறார் என்று வரிசையாக வரையுங்கள். அழகாக வரைய வேண்டாம், குச்சி மனிதர்கள் போதும். ஒரு வாஷரை மாற்ற இன்ஜினையே பாதி பிரிக்க வேண்டியிருந்தால், அதை வடிவமைத்தவர் ஆடுகிற படகில் குனிந்து நின்று வேலை பார்த்தவர் இல்லை என்று அந்தப் படமே சொல்லிவிடும். உங்கள் பின்னணி அந்த ஒரு பக்கம்தான். 'மீனவக் குப்பத்தில் வளர்ந்தேன்' என்கிற வாக்கியம் செய்யாத வேலையை அது செய்யும்.

என் கதையைக் கேட்டால், அப்பா பெரம்பூர் ஐசிஎஃப்-இல் ஃபிட்டர். 1955-இல் சுவிஸ் தொழில்நுட்பத்தோடு ஆரம்பித்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில்தான் 2018-இல் முதல் வந்தே பாரத் ரயிலும் உருவானது. அப்பா எந்த ரயிலில் ஏறினாலும் உட்காருவதற்கு முன் ஜன்னல் ஷட்டரை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். தாழ்ப்பாள் விரலை நசுக்குகிற மாதிரி இருந்தால் எங்களை அந்த ஓரத்தில் உட்கார விடமாட்டார். டிசைன் பாடம் எனக்கு அங்கேயே ஆரம்பித்தது என்று சொன்னால் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும். ஆனால் இன்றைக்கும் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அது எங்கே கடிக்கும் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

டிசைன் படிக்கப் போனால் சீக்கிரமே டீட்டர் ராம்ஸ் என்ற பெயர் காதில் விழும். ஜெர்மனிக்காரர், 1932-இல் வீஸ்பாடனில் பிறந்தவர். 1955-இல் வீட்டு மின்சாதனங்கள் செய்கிற பிரவுன் கம்பெனியில் சேர்ந்து, 1961 முதல் 1995 வரை அங்கே டிசைன் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். நல்ல வடிவமைப்புக்கு அவர் சொன்ன பத்துக் கொள்கைகளை உலகம் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் அவருடைய தாத்தாவை விட்டுவிடுகிறார்கள். தாத்தா தச்சர். அவர் வேலையைப் பார்த்து வளர்ந்த பையன் கட்டடக்கலை படித்தார், நடுவில் தச்சுப் பயிற்சியும் எடுத்தார். குறைவாகச் செய், நன்றாகச் செய் என்பதுதான் அவர் கொள்கையின் சுருக்கம். சொந்த ஆர்வம்? க்ரோன்பெர்க் வீட்டுத் தோட்டத்தில் போன்சாய் மரங்கள். தச்சு, குறைத்தல், கத்தரித்து வளர்த்தல், மூன்றும் ஒரே கையின் வேலை என்று பார்த்ததும் தெரிகிறது. 'என்னைப் பற்றி' பக்கத்தில் மூன்று பகுதியும் இப்படி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

அதற்காக அவருடைய பத்துக் கொள்கைகளை எடுத்து நம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாமா? கூடாது. அதே பிரவுன் கம்பெனி மிக்சி ஒன்று மும்பையில் ஒரு வீட்டுச் சமையலறையில் பழுதாகிப் போனது. ஊறின அரிசியும் உளுந்தும் தேங்காயும் அரைக்க வேண்டிய வீடு, மோட்டார் தாங்கவில்லை, இங்கே ரிப்பேர் செய்யவும் வழியில்லை. அந்த வீட்டுக்காரரான சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் வேலை பார்த்த இன்ஜினியர். மனைவி சொல்லி, நம் ஊர் அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரோடு அவர் செய்ததுதான் 1963-இல் வந்த சுமீத் மிக்சி. எந்தக் கொள்கையையும் யார் வீட்டு அடுப்படிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சரி, கொள்கைக்கே வந்துவிட்டோம். 'எளிமை', 'பயனரே முதன்மை', 'நேர்மை' என்று எழுதுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதில் படிக்க ஒன்றும் இல்லை. யாராவது 'சிக்கலே என் கொள்கை' என்று எழுதுவார்களா? இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அந்தக் கொள்கைக்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அது வெறும் நல்ல எண்ணம். நல்ல எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது.

இப்போது நான் சின்னக் கடைகளுக்கான மென்பொருள் செய்கிறேன். வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைகளுக்காக ஒரு முகவரிப் படிவம் போட வேண்டியிருந்தது. வழக்கமாகக் கதவு எண், தெரு, பகுதி, ஊர், பின்கோடு என்று தனித்தனிப் பெட்டி வைப்பார்கள். பார்க்க அம்சமாக இருக்கும். கொருக்குப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் போய் நின்று பார்த்தேன். போனில் ஆர்டர் சொல்கிற அம்மா எப்படிச் சொல்கிறார்? "புது நம்பர் பதினாலு, பழசு முப்பத்தொண்ணு, அம்மன் கோயில் சந்து, தண்ணி டேங்க் தாண்டி உள்ள வந்தா பச்சை கேட்டு, மாடி." கடைப் பையன் இதில் பாதியைத்தான் எழுதிக்கொள்கிறான், ஆனால் சரியான பாதியை. பழைய எண் புதிய எண் இரண்டும் சென்னையில் இன்றும் ஒரே சுவரில் இருக்கின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டின் பழைய எண் இன்னொரு வீட்டின் புதிய எண்ணாக இருக்கும். இதில் ஒற்றைக் 'கதவு எண்' பெட்டியை வைத்து என்ன செய்வது?

கடைசியில் ஒரே ஒரு பெரிய பெட்டி, அதற்குக் கீழே அடையாளம் எழுத இன்னொன்று, கூடவே குரலில் சொல்ல ஒரு பட்டன் என்று வைத்தோம். ஆபீசில் தகவல்களைத் தொகுக்கிற குழு முகம் சுளித்தது. அவர்களுக்கு வரிசைப்படுத்துகிற வேலை இரண்டு மடங்கானது உண்மை. திரையும் முன்பு மாதிரி அழகாக இல்லை. மனிதர்கள் சொல்கிற வரிசையில் வாங்கிக்கொள்வது, ஒழுங்குபடுத்துகிற பாரத்தைக் கம்ப்யூட்டர் மேல் போடுவது என்பது என் கொள்கைகளில் ஒன்று. அதற்கு நான் கொடுத்த விலை அந்த அழகு. இப்படி எழுதினால் எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசவாவது முடியும்.

இன்னொன்று, தமிழில் வடிவமைக்கத் தொடங்குவது. பலர் ஆங்கிலத்தில் திரையை முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றுகிறார்கள். 'கூ', 'மூ' இவற்றின் கீழ்ச்சுழியும் 'கீ', 'ணி' இவற்றின் மேல் வளைவும் வெட்டுப்படுவது அதனால்தான். வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்துக்கு விட்ட இடம் தமிழுக்குப் போதாது. எழுத்துகளும் அகலம், பட்டனுக்குள் அடங்காமல் மூன்று புள்ளியில் போய் முடியும். தமிழை வைத்து ஆரம்பித்தால் ஒரு திரையில் கொள்கிற விஷயம் குறையும், எதை எடுப்பது என்று முன்கூட்டியே சண்டை போட வேண்டியிருக்கும். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். ஆண்ட்ராய்டில் விரல் தொடுகிற இடம் குறைந்தது 48 டிபி (திரையில் அளக்கிற அலகு) இருக்க வேண்டும், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. அவற்றைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விதிகளைக் கீறல் விழுந்த கண்ணாடியோடு, மதிய வெயிலில், எண்ணெய்க் கையோடு சோதிப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

எண்ணெய்க் கை என்றதும் அம்மாவின் கடை. 2016-இல் யுபிஐ வந்தது, அதற்கப்புறம் கொஞ்ச நாளில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற சின்னப் பெட்டி தள்ளுவண்டி வரை வந்துவிட்டது. அது ஏன் ஜெயித்தது என்று காலையில் அம்மா பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் இட்லித் தட்டு, முகத்தில் ஆவி. போனை எடுத்துப் பார்க்க மூன்றாவது கை இல்லை. வாடிக்கையாளர் தன் திரையைக் காட்டினாலும் அது இன்று எடுத்ததா நேற்று எடுத்ததா என்று யார் பார்ப்பது? பெட்டி தொகையைச் சொன்னதும் கணக்கு முடிந்தது. கண்ணும் கையும் வேலையாக இருக்கும்போது காதைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

அது எங்கே தடுமாறுகிறது என்பதையும் பாருங்கள். பக்கத்தில் டீக்கடை இருந்தால் இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் கத்தும், முப்பது ரூபாய் யாருக்கு வந்தது என்று இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். தொகையைச் சொல்கிறதே தவிர, நிற்கிற ஐந்து பேரில் கொடுத்தது யார் என்று சொல்வதில்லை. அம்மா அதை எப்படிச் சமாளிக்கிறார்? முகத்தைப் பார்க்கிறாரா, தட்டை எண்ணுகிறாரா, காசு வந்த ஆளின் தட்டைத் தனியாக ஒதுக்கி வைக்கிறாரா? ஒரு வாரம் குறித்து வைத்தீர்கள் என்றால் உங்கள் முதல் ப்ராஜெக்ட் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இதற்காக ஒரு புது ஆப் செய்ய வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பதில் ஒருவேளை தட்டு வைக்கிற பலகையில் இருக்கலாம்.

மெக்கானிக்கல் படிக்கிறீர்கள், அதனால் இரும்பிலும் ஒரு உதாரணம் தெரிந்திருக்க வேண்டும். அடிபம்பு. கிராமங்களில் போர்வெல் போட்டு வைத்த பழைய வார்ப்பிரும்புப் பம்புகள் சீக்கிரமே உடைந்து நின்றன. காரணம் தெளிவானது. அவை ஒரு குடும்பம் அடிக்கிற அளவுக்குச் செய்தவை, இங்கே ஊரே நாள் முழுக்க அடித்தது. 1970-களில் யுனிசெஃப், சென்னையிலிருந்த மெரடோ என்கிற இயந்திர ஆராய்ச்சி அமைப்பு, ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் கம்பெனி மூன்றும் சேர்ந்து, சோலாப்பூர் பக்கம் உருவாகியிருந்த ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, கோவை மாவட்டத்தில் சோதித்துப் பார்த்துக் கொண்டுவந்ததுதான் இந்தியா மார்க் டூ. அதன் தலைப்பகுதி மூடியைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கைப்பிடி வில்லாக வளைந்து மேலும் கீழும் போகிறது, கிணற்றுக்குள் போகிற தண்டோ நேராகத்தான் ஏறி இறங்க வேண்டும். இரண்டையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. வில் வடிவத் தகட்டின் மேல் சங்கிலி படிந்து சுருள்வதால் தண்டு பக்கவாட்டில் இழுபடுவதில்லை, தேய்மானம் குறைகிறது. கைப்பிடி அவ்வளவு கனமாக இருப்பதும் காரணத்தோடுதான், உள்ளே தொங்குகிற தண்டின் எடையை அது சமன் செய்கிறது. சாதாரணப் பட்டறையில் வெல்டிங் செய்து தயாரிக்க முடியும். காப்புரிமை போட்டுப் பூட்டி வைக்கவில்லை, அதனால் பல நாடுகளில் பல பேர் செய்தார்கள். இப்படி ஒரு பொருளின் வரைபடத்தைப் படித்து, இதை வடிவமைத்தவர்களின் கொள்கை என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ராம்ஸின் பத்தை ஒப்பிப்பதைவிட நல்ல பயிற்சி.

நம் ஏரியாவில் வீட்டு வாசலில் இருக்கிற அடிபம்பு வேறு சாதி. அது மெட்ரோ வாட்டர் குழாயில் அழுத்தம் இல்லாததால் வந்தது. குழாயில் தண்ணீர் ஏறாத தெருவில் வாசலில் பள்ளம் தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர் டிசைனர்கள் இதையெல்லாம் படம் எடுத்து 'மக்களின் புத்திசாலித்தனம்' என்று புகழ்வார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பள்ளம் மூளையைக் காட்டுகிறது, உண்மைதான். குழாய்க்குப் பொறுப்பானவர் வேலையைச் செய்யவில்லை என்பதையும் அதே பள்ளம்தான் காட்டுகிறது. முதல் பாதியை மட்டும் எழுதுகிறவன் டிசைனர் ஆக மாட்டான்.

மீன்பாடி வண்டி விஷயத்திலும் இப்படித்தான். முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகைத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம், பழைய டூவீலர் இன்ஜின், பின்சீட்டில் ஓட்டுநர். சுமை கண் முன்னாலேயே இருக்கிறது, கடை வாசலில் மூக்கை நுழைத்து நேராக இறக்கலாம், குறுகலான சந்தில் திரும்பும். ஐஸ் பெட்டி, கம்பி, பீரோ எல்லாம் ஏறும். நன்றாக யோசித்த பொருள்தான். அதே நேரத்தில் பிரேக்கும் எடையும் ஒன்றுக்கொன்று பொருத்தமில்லை, மோதினால் ஓட்டுநரைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை, சட்டப்படியும் சிக்கல். உங்கள் பக்கத்தில் இதை வைத்தால் இரண்டையும் வையுங்கள். பிரேக் போடும்போது சுமை எங்கே நகர்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மெக்கானிக்கல் படித்ததற்கு அங்கே பலன் தெரியும், இன்டர்வியூவில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசலாம்.

இனி ஆர்வங்கள். 'பயணம், இசை, புகைப்படம்' என்று எழுதாதீர்கள். எழுதக் கூடாது என்று சட்டமில்லை, படிப்பவர் கண் அதன் மேல் நிற்காது. ஒரு விஷயத்தில் நீங்கள் யாரோடாவது உட்கார்ந்து சண்டை போடும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் ஆர்வம். உங்கள் வீட்டு மாடியில் புறா, கையில் கேரம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

புறாக் கூண்டு வாசலில் தொங்குகிற கம்பிகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளியிலிருந்து வருகிற புறா நெஞ்சால் தள்ளினால் கம்பி உள்பக்கம் விலகி வழிவிடும். உள்ளேயிருந்து தள்ளினால் கீழ்க்கட்டையில் முட்டி நின்றுவிடும். எழுதிய பலகை இல்லை, பூட்டு இல்லை, புறாவுக்கு யாரும் பாடம் எடுக்கவும் இல்லை. ஹோமர் என்கிற பந்தயப் புறாக்களின் போட்டியில் எத்தனை கிலோமீட்டர் பறந்து வந்தாலும் கூண்டு மேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தால் கணக்கில் சேராது, உள்ளே வந்து நேரம் பதிவானால்தான் வெற்றி. அதனால் வளர்க்கிறவர்கள் வாசலின் உயரம், இறங்குகிற பலகையின் அகலம், உள்ளே தீனி வைக்கிற இடம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். பணம் கட்டுகிற கடைசித் திரையில் ஆட்கள் தயங்கி நிற்பதைப் பற்றி எங்கள் ஆபீசில் பேசுகிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கூண்டுதான் ஞாபகம் வரும். அண்ணனிடம் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்டு எழுதுங்கள். அவர் சொன்னது என்று அவர் பெயரையும் போடுங்கள்.

கேரம் பற்றி நம் ஏரியாவில் நான் பாடம் எடுத்தால் அடி விழும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண். போர்டைப் பொருளாகப் பார்த்தால் மட்டும் ஒன்று சொல்கிறேன். காயின் விட்டம் அதிகபட்சம் 3.18 செ.மீ., ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ., பாக்கெட் 4.45 செ.மீ. காய் விழ மட்டும் என்றால் பாக்கெட் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கரும் விழுகிற அகலம் இருப்பதால்தான் மைனஸ், அதாவது அபராதப் பயம், அந்தப் பயத்தால்தான் கை நிதானப்படுகிறது. தவறே நடக்க முடியாதபடி எல்லாவற்றையும் அடைத்துவிடு என்று டிசைன் வகுப்பில் சொல்வார்கள். விளையாட்டில் அப்படி அடைத்தால் ஆட்டமே செத்துவிடும், பணப் பரிமாற்றத்தில் அடைக்காவிட்டால் ஆள் செத்துவிடுவான். எங்கே எது என்று உங்களுக்குத் தெரியும் என்பதை இந்த மூன்று அளவை வைத்தே நாலு வரியில் எழுதிவிடலாம்.

மாதிரிக்கு ஒரு பத்தி எழுதித் தருகிறேன். அப்படியே போடாமல் உங்கள் வார்த்தையில் மாற்றுங்கள்:

"காசிமேட்டில் வளர்ந்தேன். அப்பா தடைக்காலத்தில் படகு இன்ஜின்களைப் பிரிப்பதை வரைந்ததில் ஆரம்பித்தது என் டிசைன் வேலை. கை எட்டாத நட்டும் கண்ணுக்குத் தெரியாத அறிவிப்பும் எனக்கு ஒரே குற்றம்தான். பார்க்க அழகாக இருப்பதையும் பக்கத்துப் பட்டறையில் ரிப்பேர் செய்ய முடிவதையும் சேர்த்துக் கொடுக்க முடியாவிட்டால் இரண்டாவதையே எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் புறாக் கூண்டு வாசலை மாற்றிப் பார்ப்பதும் கேரமும் பொழுதுபோக்கு."

இதில் 'ஆர்வமுள்ள', 'கடின உழைப்பாளி' போன்ற வார்த்தை ஒன்றுகூட இல்லை, பாருங்கள். இரண்டாவதை எடுப்பேன் என்கிற வரியைப் படித்துவிட்டுச் சில கம்பெனிகள் உங்களைக் கூப்பிடாமல் விடலாம். அங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் ஆறு மாதத்தில் வெளியே வந்திருப்பீர்கள்.

படிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பட்டம் முடித்துவிட்டு டிசைனில் முதுகலை படிக்க நினைக்கிறவர்களுக்கு மும்பை ஐஐடி நடத்துகிற சீட் (CEED) தேர்வு இருக்கிறது. எந்தத் துறையில் குறைந்தது மூன்று வருடப் பட்டம் என்றாலும் எழுதலாம், கடைசி வருடத்தில் இருக்கிறவர்களும் எழுதலாம், வயது வரம்பு இல்லை. வழக்கமாக ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்போடு சேர நினைக்கிற தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுக்கு யூசீட் (UCEED) தேர்வு. ஆமதாபாத்தில் இருக்கிற தேசிய டிசைன் கல்வி நிறுவனமான என்ஐடிக்கு அவர்களே தனியாகத் தேர்வு வைக்கிறார்கள். சீட் தேர்வில் வரைவதற்குத் தனிப் பகுதி உண்டு, அதற்குக் கோச்சிங் போக வசதி இல்லை என்றால் தினமும் துறைமுகத்தில் போய் அரை மணி நேரம் வரையுங்கள். நகர்கிற ஆட்களை வரைகிற பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைத்தால் போய்ப் பாருங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது. ஓவியர்களுக்கான இடம் என்றே நினைக்கிறோம், ஆனால் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் பொறுப்பில் 1898-இல் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார்கள். அம்மாவின் இட்லிக் குண்டான் அலுமினியம் என்றால் அதன் பாட்டன் முப்பாட்டன் கதை அங்கே இருக்கிறது.

ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயம் உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் மனதில் இருக்கும். இன்டர்வியூவுக்குப் பேப்பரும் மார்க்கரும் எடுத்துக்கொண்டு போங்கள். வார்த்தை வராத இடத்தில் வரையுங்கள், தமிழ் தெரிந்தவர் இருந்தால் தமிழில் சொல்லுங்கள். நான் ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கும்போது சரளமாகப் பேசி ஒன்றும் வரையாதவர்களைவிட, திணறிக்கொண்டே வரைந்து காட்டியவர்களைத்தான் அடுத்த சுற்றுக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் என்னைப் போல் இருப்பார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. போர்ட்ஃபோலியோவை அனுப்புவதற்கு முன் அப்பாவின் போனில் திறந்து பாருங்கள். பல பேர் அதைப் போனில்தான் பார்க்கிறார்கள். படம் திறக்க நேரமானால் மூடிவிடுவார்கள், அதனால் கோப்பின் அளவைக் குறைத்து, பெரிதாக்கிப் பார்க்காமலேயே படிக்கிற மாதிரி எழுத்தை வையுங்கள்.